'மைண்ட்' என்ற ஒரு சொல்லும் தங்கச்சிமடத்து மாலை நேர ஆங்கில வகுப்பும்

ராமேசுவரம் தீவில் விடுதிகள் பெருகிய வேகத்திலேயே ஆங்கிலப் பேச்சுப் பயிற்சி வகுப்புகளும் பெருகிவிட்டன. அவற்றில் பெரும்பாலானவை காலங்களின் பட்டியலைக் கரும்பலகையில் எழுதிப்போட்டு, சில நூறு வாக்கியங்களை மனப்பாடம் செய்யவைத்து, சட்டமிட்ட சான்றிதழ் ஒன்றைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுகின்றன. தங்கச்சிமடத்தில் ஒரு வீட்டின் மாடியில் மாலை வேளைகளில் நடக்கும் வகுப்பு அந்த வழியில் செல்வதில்லை என்பதால் அதைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுதத் தோன்றியது. நடத்துபவர் விளம்பரத்தை விரும்பாதவர். ஆகையால் அவருடைய பெயரையும் வகுப்பின் பெயரையும் இங்கே குறிப்பிடவில்லை. நான் விடுதி ஒன்றின் வரவேற்பு மேசையில் பணியாற்றுகிறேன். என் மதிப்பீடு முழுவதும் அந்த மேசையிலிருந்து பார்த்ததுதான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

இரண்டு மாதப் பயிற்சிக்கு 3,000 ரூபாய் கட்டணம். இரு தவணையாகக் கட்டலாம். பாக் நீரிணைப் பகுதியில் வாரத்தில் மூன்று நாள் விசைப்படகும் நான்கு நாள் நாட்டுப்படகும் கடலுக்குப் போகும் ஏற்பாடு நெடுங்காலமாக இருப்பதால், படகுக்காரர்களுக்கு வசதியான மாலைகளைப் பார்த்துத்தான் வகுப்பு நாட்களை வைத்திருக்கிறார்கள். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை நீடிக்கும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் தனியாக ஒரு பிரிவு தொடங்குகிறார்கள். அப்போதுதான் மாடி நிரம்புகிறது. என்னுடன் படித்தவர்களில் பாம்பனில் சுற்றுலாப் பயணிகளைப் படகில் ஏற்றிச் செல்பவர், மல்லிகை நாற்று அனுப்பும் பண்ணைக்காரர், வெளிநாட்டு வேலைக்கு முயலும் செவிலியர், போட்டித் தேர்வுக்குப் படிக்கும் கல்லூரி மாணவிகள் எனப் பலவகையினர் இருந்தார்கள். இந்தக் கலவை வகுப்பின் பலமும் ஆகும், பலவீனமும் ஆகும். அதற்குப் பின்னால் வருகிறேன்.

பயிற்றுமுறையின் அடிப்படை எளியது. வாரம் ஒரு சொல் என்று வைத்துக்கொண்டு, அந்தச் சொல் படகிலும் கடையிலும் மருத்துவமனையிலும் வரவேற்பு மேசையிலும் எப்படியெல்லாம் வருகிறது என்பதை ஒரே தாளில் வாக்கியங்களாகக் கொடுத்து, அவற்றை இருவர் இருவராக நடித்துக் காட்டச் சொல்கிறார்கள். அகராதிப் பொருள் இறுதியில்தான் வரும், சில வாரம் வராமலும் போகும். இம்முறை உண்மையிலேயே பயன் தருகிறதா என்று எடைபோட நான் எடுத்துக்கொண்டது 'மைண்ட்' என்ற சொல்லுக்கான வாரத்தை. தமிழர் நாவில் தினமும் புழங்குகிற சொல் அது. புழங்குவதனாலேயே தெரியும் என்று எல்லோரும் நினைத்துக்கொள்கிற சொல். எந்த வகுப்பின் தரமும் இப்படிப்பட்ட சொல்லில்தான் வெளிப்படும்.

'மைண்ட் என்றால் மனம்' என்று தொடங்கியிருந்தால் நான் அன்றே எழுந்து வந்திருப்பேன். தாளின் முதல் வாக்கியம் 'மைண்ட் யுவர் ஹெட்' என்பது. பாம்பன் படகுக்காரர் தன் படகின் அறைக்கதவு தாழ்வானது என்றும், வருகிறவர்கள் எல்லாம் இடித்துக்கொள்கிறார்கள் என்றும் சொல்ல, ஆசிரியை அவரையே எழுந்து நின்று கதவுபோலக் கையைத் தாழ்த்தி வைக்கச் சொன்னார். ஒவ்வொருவரும் குனிந்து கடக்க, அவர் 'மைண்ட் யுவர் ஹெட்' என்று சொல்லிக்கொண்டே இருந்தார். 'தலை, தலை!' என்று நாம் கத்துகிறோமே, அதற்கு நேரான ஆங்கிலம் இது. இதில் மனத்துக்கு எந்த வேலையும் இல்லை, கவனத்துக்குத்தான் வேலை. அதே பயன்பாட்டில் 'மைண்ட் த ஸ்டெப்' என்றால் படியைப் பார்த்து வை என்று பொருள்.

அடுத்து, லண்டன் சுரங்க ரயிலில் 1968 முதல் ஒலித்துவரும் 'மைண்ட் த கேப்' அறிவிப்பைக் கைப்பேசியில் ஒலிக்கவிட்டார். அந்த அறிவிப்பு ஏன் தேவைப்பட்டது என்பதையும் சுருக்கமாக விளக்கினார்: சில நிலையங்களில் நடைமேடை வளைவாக இருக்கிறது, ரயில் பெட்டியோ நேராக இருக்கிறது, ஆகவே இரண்டுக்கும் இடையில் கால் நுழையும் அளவுக்கு இடைவெளி விழுகிறது. ஜெட்டிக்கும் படகுக்கும் நடுவில் அலைக்கு ஏற்ப விரிந்து சுருங்குகிற இடைவெளியைத் தினமும் பார்க்கிறவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. இது பிரிட்டன் வழக்கு என்றும், அமெரிக்கர்களிடம் 'வாட்ச் யுவர் ஸ்டெப்' என்பதே கூடுதலாகக் கேட்கும் என்றும் ஒரு வரி சேர்த்தார். விருந்தினர் எந்த நாட்டிலிருந்து வருவார் என்று முன்கூட்டித் தெரியாத எங்களைப் போன்றவர்களுக்கு அந்த ஒரு வரி மிகவும் உதவும்.

கவனித்துப் பார்த்துக்கொள்வது என்ற பொருளும் இதே கிளையில் வருவதுதான். கடைக்காரர் டீ குடிக்கப் போகும்போது பக்கத்தில் இருப்பவரிடம் 'கடையைப் பார்த்துக்கங்க' என்று சொல்லிவிட்டுப் போவதை 'மைண்ட் த ஷாப்' என்று சொல்லலாம்; பிரிட்டனில் பிறர் குழந்தைகளைத் தன் வீட்டில் பார்த்துக்கொள்ளும் தொழில் செய்பவருக்கு 'சைல்டுமைண்டர்' என்று பெயர். செவிலியர் இதை ஆர்வமாகக் குறித்துக்கொண்டார். மற்றவர்களுக்கு இது அவ்வளவாகத் தேவைப்படாது. வகுப்பும் இதை விரைவாகக் கடந்துவிட்டது, சரியாகவே.

வகுப்பின் உண்மையான மதிப்பு வெளிப்பட்டது 'டூ யூ மைண்ட்' என்ற கேள்வியில்தான். விடுதியில் வேலை செய்யும் யாரும் இதைத் தினமும் சந்திக்கிறார்கள். அறையைக் காலி செய்துவிட்டுத் தனுஷ்கோடிக்குப் போகிறவர் பெட்டியை எங்களிடம் விட்டுச் செல்ல நினைத்து, 'டூ யூ மைண்ட் இஃப் ஐ லீவ் மை பேக்ஸ் ஹியர்' என்று கேட்பார். உதவ வேண்டும் என்ற ஆர்வத்தில் நம் ஆட்கள் 'எஸ், எஸ்' என்று தலையை ஆட்டுவார்கள். ஆங்கிலக் காதுக்கு அது 'ஆமாம், எனக்கு ஆட்சேபம் இருக்கிறது' என்று விழும். முகத்தில் சிரிப்பும் வாயில் மறுப்புமாக இருப்பதைக் கண்டு அவர் பெட்டியைத் தூக்குவதா, வைப்பதா என்று நிற்பார். வகுப்பில் இதை நடித்துக் காட்டியபோது நாற்றுப் பண்ணைக்காரரும் அப்படியேதான் 'எஸ்' என்றார். அப்போது ஆசிரியை தந்த விளக்கத்தை எந்த இலக்கண நூலிலும் நான் பார்த்ததில்லை.

"அண்ணே, பெட்டி இருக்கட்டுமான்னு அவர் கேட்கலை. இருந்தா உங்களுக்கு இடைஞ்சலான்னு கேட்கிறார். இடைஞ்சலான்னு ஒருத்தர் கேட்டா நீங்க என்ன சொல்வீங்க?"

"சே சே, அதெல்லாம் ஒண்ணும் இல்லைம்பேன், டீச்சர்."

"அந்த 'இல்லை'தான் 'நோ'. அதையே சொல்லுங்க."

இதற்குப் பிறகு அந்த மாடியில் ஒருவர்கூட 'எஸ்' சொல்லவில்லை. 'எதிர்மறை விடை தந்தால் இசைவு என்று பொருள்படும்' என்று சூத்திரமாகச் சொல்லியிருந்தால் எழுதிக்கொண்டிருப்பார்கள், மேசைக்கு வந்ததும் மறந்திருப்பார்கள். 'இடைஞ்சலா' என்ற நம்முடைய கேள்வியை உள்ளே வைத்துவிட்டதால் விடை தானாகவே வந்து விழுகிறது. 'நோ, நாட் அட் ஆல்' என்று முழுமையாகச் சொன்னால் மரியாதையாக இருக்கும் என்றார். ஆங்கிலம் தாய்மொழியானவர்களே பல நேரம் 'ஷூர், கோ அஹெட்' என்று கேள்வியின் அமைப்பைப் பொருட்படுத்தாமல் விடை சொல்வதுண்டு என்பதையும் மறைக்காமல் சொன்னார். அவர்கள் அப்படிச் சொல்லும்போது குரலும் சைகையும் இசைவைத் தெளிவாகக் காட்டிவிடும். புதிதாகப் பேசுகிறவர் 'நோ' என்பதையே பிடித்துக்கொள்வது பாதுகாப்பு என்பது அவர் கருத்து. எனக்கும் அது சரியாகவே படுகிறது.

நாம் பிறரிடம் கேட்கும் பக்கமும் இதே அளவு முக்கியம். அறை தயாராகவில்லை, விருந்தினரைக் காத்திருக்கச் சொல்ல வேண்டும். 'வெயிட், வெயிட்' என்று கையைக் காட்டுவதுதான் எங்கள் கடற்கரையின் பொது வழக்கம். அதற்குப் பதிலாக 'வுட் யூ மைண்ட் வெயிட்டிங்' என்று கேட்கப் பழக்கினார்கள். இந்த இடத்தில் 'மைண்ட்' என்ற சொல்லுக்குப் பின் வினைச்சொல் 'இங்' ஈறு பெற்றே வரவேண்டும், 'டு வெயிட்' என்பது பிழை என்பதை ஒரு மாலை முழுவதும் உருப்போடவைத்தார்கள். கையொப்பம் இடுவது, கடவுச்சீட்டைக் காட்டுவது, செருப்பை வெளியே விடுவது, சத்தத்தைக் குறைப்பது என்று எங்கள் வேலையிலிருந்தே வாக்கியங்களை எடுத்துக்கொண்டதால் அந்த உருப்போடுதல் சலிப்பாக இல்லை. 'இஃப் யூ டோன்ட் மைண்ட்' என்பதற்குத் தாளில் தந்திருந்த தமிழ் 'தப்பா நினைச்சுக்காதீங்க' என்பது. இதைவிடப் பொருத்தமான தமிழ் கிடைக்காது. ஆங்கிலம் மனத்தைக் கூப்பிடும் இடத்தில் தமிழ் நினைப்பைக் கூப்பிடுகிறது, அவ்வளவுதான் வேறுபாடு.

ஆனால் இங்கேயே ஒரு குறையையும் பதிவு செய்ய வேண்டும். 'டூ யூ மைண்ட்' என்ற இதே சொற்களை ஒருவர் தனியாக, குரலை உயர்த்திச் சொன்னால் அது அனுமதி கேட்பது அல்ல. 'என்ன இது, கொஞ்சம்கூட முறையில்லையா' என்ற கடிதல். வரிசையில் முந்துபவரிடமோ, கதவைத் தட்டாமல் அறைக்குள் நுழையும் பணியாளரிடமோ அப்படிச் சொல்வார்கள். இந்தப் பயன்பாடு தாளில் இல்லை, வகுப்பிலும் வரவில்லை. விடுதிப் பணியாளருக்கு இனிமையான ஆங்கிலத்தைப் பேசக் கற்றுக்கொடுப்பதைப் போலவே, கோபமான ஆங்கிலத்தை அடையாளம் காணக் கற்றுக்கொடுப்பதும் அவசியம். கோபத்தை வேண்டுகோளாக எடுத்துக்கொண்டு 'நோ, நாட் அட் ஆல்' என்று சிரித்தபடி விடை சொன்னால் நிலைமை என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

'நெவர் மைண்ட்' என்பதை மிக நன்றாக நடத்தினார்கள். இதற்குப் 'பரவாயில்லை' என்று மட்டுமே நம்மில் பலரும் பொருள் கொள்கிறோம். ஒருவர் தெரியாமல் தண்ணீரைக் கொட்டிவிட்டு வருத்தம் தெரிவித்தால் 'நெவர் மைண்ட்' என்பது அந்தப் பொருளில்தான் வரும். ஆனால் விருந்தினர் ஏதோ ஒன்றைக் கேட்டு, நமக்குப் புரியாமல், மறுபடியும் கேட்டு, அப்போதும் புரியாமல் போக, 'நெவர் மைண்ட்' என்று சொல்லி நகர்ந்தால் அது 'சரி, விடுங்க' என்பதாகும். முதலாவதில் மன்னிப்பு இருக்கிறது. இரண்டாவதில் ஏமாற்றம் இருக்கிறது. பரவாயில்லை என்கிறாரே என்று நாமும் நிம்மதியாக இருந்துவிடுகிறோம், அவரோ இணையத்தில் எங்களுக்கு ஒரு நட்சத்திரத்தைக் குறைத்துவிடுகிறார். இந்த இரண்டாவது 'நெவர் மைண்ட்' காதில் விழுந்தால் உடனே எழுதிக் காட்டச் சொல்லியாவது கேட்க வந்ததைத் தெரிந்துகொள்ளுங்கள் என்று ஆசிரியை சொன்னதை எங்கள் விடுதியில் எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். யாராவது நன்றி சொன்னால் அதற்கு 'நெவர் மைண்ட்' என்று விடை தருவது தவறு என்பதையும் சொல்லித் தந்தார். அந்தப் பழக்கம் எங்கள் பகுதியில் பரவலாக இருக்கிறது.

'ஐ டோன்ட் மைண்ட்' என்பதையும் 'ஐ டோன்ட் கேர்' என்பதையும் ஒன்றாக நினைப்பவர்கள் வகுப்பில் பாதிப்பேர் இருந்தார்கள். டீயா, காபியா என்று கேட்டால் முதலாவது 'எதுன்னாலும் சரி' என்று இணக்கமாக ஒலிக்கும். இரண்டாவது 'எனக்கென்ன வந்தது' என்று முகத்தில் அடித்தாற்போல் ஒலிக்கும். பேச்சின் நடுவே வரும் 'மைண்ட் யூ' என்பதற்கு 'ஆனா ஒண்ணு' என்று தமிழ் தந்திருந்தார்கள். அறை சிறியதுதான், ஆனா ஒண்ணு, ஜன்னலைத் திறந்தால் கடல் தெரியும்: இப்படி. 'மைண்ட் யுவர் ஓன் பிசினஸ்' என்பதை 'உன் சோலியைப் பாரு' என்று சொன்னதும் மாடியே சிரித்தது. அதோடு, இதை விருந்தினரிடம் மறந்தும் சொல்லக்கூடாது என்ற எச்சரிக்கையும் வந்தது.

பெயர்ச்சொல்லாக வரும் பயன்பாடுகளை நடத்திய மாலை சற்றுக் கலவையானது. தமிழோடு நேராகப் பொருந்துபவை எளிதாகப் போயின. மனத்தில் வைத்துக்கொள்வது 'கீப் இன் மைண்ட்', இரண்டு மனமாக இருப்பது 'இன் டூ மைண்ட்ஸ்', மனத்தில் பட்டதைச் சொல்வது 'ஸ்பீக் யுவர் மைண்ட்'. இவற்றுக்குப் பயிற்சியே தேவையில்லை. பொருந்தாத இடங்களில்தான் வகுப்பு நின்று நிதானித்திருக்க வேண்டும். சிலவற்றில் நின்றது, சிலவற்றில் நிற்கவில்லை. 'சேஞ்ச்ட் மை மைண்ட்' என்பதை ஒருவர் 'மனந்திரும்பினேன்' என்று மொழிபெயர்க்க, தேவாலயங்களும் செபக்கூட்டங்களும் நிறைந்த ஊரில் அது பாவத்தை விட்டு விலகுவதைக் குறிக்கும் சொல்லாயிற்றே என்று ஆசிரியை நகைத்தார். இங்கே எண்ணம் மாறியது, முன்பு எடுத்த முடிவை விட்டுவிட்டேன் என்பதுதான் பொருள். குளிர்சாதன அறை கேட்டவர் சாதாரண அறையே போதும் என்று சொல்வதற்குக்கூட இதைப் பயன்படுத்தலாம். 'மேக் அப் யுவர் மைண்ட்' என்பதும் அவ்வாறே முடிவெடுப்பதைக் குறிப்பது.

'நல்ல மனசு' என்று ஒருவரைப் பாராட்ட விரும்பி 'குட் மைண்ட்' என்று சொல்வது நம்மவரிடையே மிகப் பரவலான தடுமாற்றம். தமிழில் மனசு என்பது இரக்கத்துக்கும் இருப்பிடம், எண்ணத்துக்கும் இருப்பிடம். ஆங்கிலமோ இரக்கத்தை 'ஹார்ட்' பக்கம் தள்ளிவிட்டு, அறிவையும் எண்ணத்தையும் மட்டும் 'மைண்ட்' பக்கம் வைத்துக்கொள்கிறது. ஆகவே 'குட் மைண்ட்' என்றால் கூரிய அறிவு என்றுதான் கேட்பவர் எடுத்துக்கொள்வார்; கருணையைப் பாராட்ட வேண்டுமானால் 'குட் ஹார்ட்' அல்லது 'கைண்ட்' என்று சொல்ல வேண்டும். மனசு உடைந்து போனாலும் ஆங்கிலத்தில் உடைவது 'ஹார்ட்'தான். வேடிக்கை என்னவென்றால், நாம் மனப்பாடம் செய்வதையும் ஆங்கிலத்தில் 'பை ஹார்ட்' என்றுதான் சொல்கிறார்கள். அறிவின் வேலை அந்த ஓர் இடத்தில் மட்டும் நெஞ்சிடம் போய்விட்டது. இந்தப் பங்கீட்டை ஒரு படமாக வரைந்து விளக்கியது பாராட்டத்தக்கது.

'பீஸ் ஆஃப் மைண்ட்' விஷயத்தில்தான் தாள் சறுக்கியது. மன அமைதியைக் குறிக்கும் தொடரும், ஒருவரை நேருக்கு நேர் கண்டித்துப் பேசுவதைக் குறிக்கும் 'எ பீஸ் ஆஃப் மை மைண்ட்' என்ற தொடரும் ஆங்கிலத்தில் எழுத்தால் வேறுபடுகின்றன, ஒலியால் வேறுபடுவதில்லை. முதலாவது அமைதி, இரண்டாவது துண்டு. ஆங்கில எழுத்துகளைப் படிக்கத் தடுமாறுகிறவர்களுக்காகத் தாள் முழுவதையும் தமிழ் எழுத்திலேயே அச்சிட்டிருப்பதால், இரண்டும் அடுத்தடுத்த வரிகளில் ஒரே தோற்றத்தில் நின்று குழப்புகின்றன. மேலாளர் தனக்கு 'பீஸ் ஆஃப் ஹிஸ் மைண்ட்' கொடுத்தார் என்று விருந்தினர் புகார் சொன்னால், மேலாளர் ஆறுதல் சொன்னதாக எடுத்துக்கொள்வோர் இந்தத் தாளைப் படித்தவர்களாகவே இருப்பார்கள். முன்னால் வரும் 'எ' என்ற ஓர் எழுத்தும், நடுவே வரும் 'மை', 'ஹிஸ்' போன்ற உரிமைச் சொல்லும், 'கிவ்' என்ற வினையும் சேர்ந்து வந்தால் அது கண்டிப்பு என்று ஒரு குறிப்பாவது சேர்த்திருக்கலாம். தமிழ் எழுத்தில் அச்சிடுவது தொடக்கத்தில் தைரியம் தருகிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன்; இரண்டாம் மாதத்திலாவது ஆங்கில எழுத்தும் பக்கத்தில் வரவேண்டும்.

நம் தமிழுக்குள் குடிபுகுந்துவிட்ட 'மைண்ட்' பற்றித் தனியாக ஒரு மணி நேரம் ஒதுக்கியிருந்தார்கள். வேறெந்த வகுப்பிலும் இப்படிச் செய்து நான் கேள்விப்பட்டதில்லை. 'அவர் என்னை மைண்ட் பண்ணவே இல்லை' என்று நாம் சொல்வது, அவர் என்னைக் கண்டுகொள்ளவில்லை என்ற பொருளில். அதை அப்படியே ஆங்கிலமாக்கி 'ஹீ டிட் நாட் மைண்ட் மீ' என்றால், நான் அங்கே இருந்ததில் அவருக்கு ஆட்சேபம் இல்லை என்று ஆகிவிடும். வருத்தத்தைச் சொல்லப்போய் நற்சான்று வழங்கிவிட்டு வருகிறோம். சொல்ல வேண்டியது 'ஹீ இக்னோர்ட் மீ' என்பது. 'மைண்ட் அப்செட்' என்பதில் 'மைண்ட்' தேவையற்றது. ஆள்தான் 'அப்செட்' ஆகிறார். 'மைண்ட் வாய்ஸ்' நகைச்சுவைக் காட்சிகளாலும் மீம்களாலும் நம் பேச்சில் ஊறிவிட்ட சொல். அது நமக்கு நன்றாகவே உதவுகிறது, வெள்ளைக்காரர் முன்னால் மட்டும் உதவாது. இவற்றைத் தவறு என்று கடிந்துகொள்ளாமல், 'இது நம்ம தமிழ், நம்ம ஆட்களோட பேச வச்சுக்கங்க' என்று ஆசிரியை பிரித்து வைத்த விதத்தில் நிதானம் இருந்தது. ஆங்கிலம் கற்பிக்கும் பலரிடம் இல்லாத குணம் அது.

சொல்லின் பிறப்பைப் பற்றியும் சிறிது பேசினார். பழைய ஆங்கிலத்தில் இச்சொல்லின் முதன்மையான பொருள் நினைவு என்பதே. 'ரிமைண்ட்', 'ரிமைண்டர்' ஆகியவற்றில் அந்தப் பழைய பொருள் இன்றும் உயிரோடு இருக்கிறது. ஸ்காட்லாந்தில் 'மைண்ட்' என்பதையே நினைவுகூர்வது என்ற பொருளில் இன்றும் பேசுகிறார்கள். லத்தீனின் 'மென்ஸ்' என்பதும், வடமொழியின் 'மனஸ்' என்பதும் இதே வேரைச் சேர்ந்தவை. 'மென்டல்' என்ற சொல் அந்த லத்தீன் வழியாக வந்தது. கல்லூரி மாணவிகளுக்கு இது பிடித்திருந்தது. படகுக்காரர்கள் கொட்டாவி விட்டார்கள்.

'மென்டல்' வரை வந்தவர்கள் அதில் கொஞ்சம் தங்கியிருக்க வேண்டும் என்பது என் கருத்து. 'அவுட் ஆஃப் யுவர் மைண்ட்' என்ற தொடரைப் 'பைத்தியமா உனக்கு' என்று மொழிபெயர்த்துவிட்டு, சிரிப்போடு அடுத்த வரிக்குப் போய்விட்டார்கள். 'மென்டல்' என்பதை வசைச்சொல்லாக வீசுவது தமிழ்நாடெங்கும் உள்ள வழக்கம்தான். ஆனால் நம் மாவட்டத்தில், கீழக்கரைக்கு அருகில் உள்ள ஏர்வாடியில், 2001 ஆகஸ்டு 6 அன்று தனியார் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் மனநோயாளிகள் 28 பேர் உயிரிழந்தார்கள். மனநோயாளிகளைச் சங்கிலியால் பிணைப்பதை 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் வெளிப்படையாகவே தடை செய்கிறது. ஏர்வாடி தர்காவுக்கு மனநலம் வேண்டி இன்றும் பல ஊர்களிலிருந்து குடும்பங்கள் வருகின்றன. வழியில் ராமநாதபுரத்து விடுதிகளிலும் தங்குகிறார்கள். 'மென்டல் பேஷண்ட்' என்று வரவேற்பு மேசையில் உரக்கச் சொல்வதற்கும், 'ஹீ இஸ் நாட் வெல்' என்று தாழ்ந்த குரலில் சொல்வதற்கும் உள்ள தூரத்தைக் கற்பிக்க இந்த மாவட்டத்தைவிடப் பொருத்தமான இடம் இல்லை. ஆசிரியையிடம் இதைச் சொன்னேன். அடுத்த பிரிவுக்கான தாளில் சேர்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

இனிக் கலவையான மாணவர்களைப் பற்றி. ஒரே மாடியில் எட்டாம் வகுப்போடு நிறுத்தியவரும் பட்டப்படிப்பு முடித்தவரும் அமர்கிறார்கள். நடிப்புப் பயிற்சியில் இது உதவுகிறது. படகுக்காரரின் துணிச்சல் மாணவிகளுக்குத் தொற்றுகிறது, மாணவிகளின் உச்சரிப்பு படகுக்காரருக்குத் தொற்றுகிறது. எழுத்துப் பயிற்சியில் இது முழுமையாகக் கெடுக்கிறது. ஒருவர் முடித்துவிட்டுக் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருக்க, மற்றவர் முதல் வரியிலேயே நிற்கிறார். எழுத்துக்கு மட்டுமாவது இரண்டு குழுவாகப் பிரிக்கலாம்.

இதைவிடப் பெரிய குறை, காதுக்குப் பயிற்சி இல்லாதது. ஆசிரியையின் ஆங்கிலம் தெளிவானது, நிறுத்தி நிதானமாகப் பேசுவது, பள்ளி வகுப்பறையில் பல்லாண்டு பண்பட்டது. வருகிற விருந்தினர் அப்படிப் பேசுவதில்லை. 'வுட் யூ மைண்ட்' என்ற மூன்று சொற்களும் அவர்கள் வாயில் ஒன்றாக உருகி 'வுஜுமைண்ட்' என்று வந்து விழும். லண்டன் ரயில் அறிவிப்பைத் தவிர வேறு எந்த ஒலிப்பதிவையும் அந்த வாரத்தில் நாங்கள் கேட்கவில்லை. வாட்ஸ்அப் குழுவில் தினமும் குரல் பதிவு அனுப்பச் சொல்கிறார்கள், தவறாமல் திருத்தியும் தருகிறார்கள். ஆனால் அங்கேயும் நாங்கள் கேட்பது எங்கள் குரல்களைத்தான். பல நாட்டவரின் பேச்சை வாரத்துக்கு ஒன்றாவது ஒலிக்கவிட்டால் இந்த வகுப்பின் தரம் வேறாகிவிடும்.

வசதிகளைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. மாடியில் கடற்காற்று தாராளமாக வருகிறது, கொசுவும் வருகிறது. மின்சாரம் நின்றால் வகுப்பு நிற்பதில்லை, கைப்பேசி வெளிச்சத்தில் தொடர்கிறது. ராமேசுவரத்திலிருந்து வருகிறவர்கள் திரும்புவதற்குப் பேருந்து நேரத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார வேண்டியிருக்கிறது. பாம்பன், மண்டபம் பக்கத்திலிருந்து வரும் பெண்களுக்கு இது கூடுதல் சிரமம். கால் மணி நேரம் முன்னதாகத் தொடங்கினால் போதும்.

விடுதி, படகு, கடை, வாடகை வண்டி ஆகிய தொழில்களில் இருப்பவர்கள் தயங்காமல் சேரலாம். 3,000 ரூபாய்க்கு இந்த அளவு பயன் எங்கள் தீவில் வேறெங்கும் எனக்குத் தெரிந்து கிடைக்கவில்லை. தடைக்காலப் பிரிவில் கூட்டம் அதிகம் என்பதால், கடலுக்குப் போகாதவர்கள் வேறு மாதத்தில் சேர்ந்தால் பேசுவதற்குக் கூடுதல் வாய்ப்புக் கிடைக்கும். வெளிநாட்டுச் செவிலியர் பணிக்கான தேர்வுகளுக்குத் தயாராகிறவர்களுக்கு இது போதாது: எழுத்துத் தாளும் கேட்டல் தாளும் உள்ள தேர்வுகளுக்கு மதுரையிலோ ராமநாதபுரத்திலோ தனிப் பயிற்சி எடுத்துக்கொண்டு, பேசும் தயக்கம் போவதற்கு மட்டும் இங்கே வரலாம். என்னுடன் படித்த செவிலியர் அப்படித்தான் செய்கிறார். சேருமுன் ஒரு மாலை சும்மா வந்து உட்கார்ந்து பார்க்க அனுமதிக்கிறார்கள். அதற்குக் கட்டணம் வாங்குவதில்லை.